வெளிநாட்டுக் கணவன், மனைவிக்கு இந்தியாவில் எது சரியான வழி? எக்ஸ் விசா, வேலை விசா, ஓசிஐ, குடியுரிமை: ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்திலோ ஈப்போவிலோ பாரிஸிலோ பிறந்த ஒருவரை மணந்து, தமிழ்நாட்டிலேயே குடித்தனம் வைக்க முடிவு செய்கிறவர்கள் முதலில் கேட்பது "விசா கிடைக்குமா?" என்றுதான். தாள்கள் ஒழுங்காக இருந்தால் கிடைத்துவிடும். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு இருக்கின்றன. வந்தவர் எந்தத் தேதியிலிருந்து சம்பளத்துக்கு வேலைக்குப் போகலாம்? நாளை மணவாழ்க்கை முறிந்தால், இங்கே இருக்கும் உரிமை அவர் கையில் நிற்குமா, துணையோடு சேர்ந்து போய்விடுமா? நான்கு வழிகளையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே இங்கே எடைபோடுகிறோம்.

சிலருக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது. நேபாள, பூட்டான் குடிமக்கள் விசா இல்லாமலே இந்தியாவில் தங்கலாம், வேலை பார்க்கலாம். பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்கு ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரை மணந்த வெளிநாட்டவருக்கும் தரப்படும், வாழ்நாள் முழுதும் இந்தியாவுக்கு வந்து தங்க உதவும் அட்டை) கதவு அடைபட்டிருக்கிறது. அவர்களில் இந்தியரை மணந்து இங்கே வாழ்பவர்களுக்கு நீண்டகால விசா என்ற தனி ஏற்பாடு உண்டு. அதன் நடைமுறை முற்றிலும் வேறு என்பதால் அதற்குள் இங்கே போகவில்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரான்ஸ் போன்ற நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருக்கும் துணைவர்களுக்கே இனி வருவது.

பதிவுத் தேதிதான் கடிகாரத்தை ஓடவிடுகிறது

எந்த வழியில் போனாலும் முதலில் கேட்கப்படுவது பதிவுசெய்த திருமணச் சான்றிதழ். கோயில் ரசீதும் மண்டபத்தில் எடுத்த ஆல்பமும் துணைச் சான்றுகள் மட்டுமே. ஓசிஐ பற்றிய சட்டப்பிரிவு, திருமணம் "பதிவு செய்யப்பட்டு" தொடர்ந்து இரண்டு ஆண்டு நீடித்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. மார்ச்சில் தாலி கட்டி அடுத்த ஜனவரியில் பதிவு செய்தால், எந்தத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டு என்ற விவாதத்தில் பத்து மாதத்தை இழக்க நேரலாம். மாலையும் கழுத்துமாகவே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுவது நல்லது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 எப்படியும் 90 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது.

இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதியலாம். மதம் வேறு என்றால், அல்லது சடங்கு எதுவும் வேண்டாம் என்றால், சிறப்புத் திருமணச் சட்டம் 1954. அதில் இருவரும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த மாவட்டத்தில் இருவரில் ஒருவர் குறைந்தது 30 நாள் வசித்திருந்தால் போதும் என்பதால், உள்ளூர்த் துணையின் முகவரியிலேயே வேலை நடக்கும். நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து 30 நாள் ஆட்சேபத்துக்கான காலம். மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் நோட்டீஸ் காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 30 நாள் சுற்றுலா விசாவில் வந்து இறங்கி, "வந்ததும் ரிஜிஸ்டர் பண்ணிடலாம்" என்று நினைப்பவர்கள் சிக்கிக்கொள்வது இந்தக் கணக்கில்தான். வெளிநாட்டவர் தமக்குத் திருமணத் தடை ஏதும் இல்லை என்ற சான்றைத் தம் நாட்டுத் தூதரகத்தில் வாங்கி வர வேண்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நாடுகளின் அலுவலகங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. பிரெஞ்சுத் துணைத் தூதரகம் புதுச்சேரியில்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் முதல் வேலை, பெயர் எழுதியிருக்கும் இரண்டு வரிகளையும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பது. நம் ஊரில் 'செ. கவிதா' என்பது முழுப் பெயர். பாஸ்போர்ட்டில் அது 'கவிதா செல்வராஜ்' என்று இருக்கும். இலங்கைப் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முன்னால் வந்து நிற்கும். மலேசியப் பாஸ்போர்ட்டில் இரண்டு பெயருக்கும் நடுவே 'மகள்' என்பதற்கான குறியும் சேர்ந்துவிடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆதாரில் உள்ளபடி இனிஷியலோடு அடித்துக் கொடுத்துவிட்டால், இரண்டு ஆண்டு கழித்து ஓசிஐ விண்ணப்பம் "பெயர் பொருந்தவில்லை" என்று திரும்பி வரும். அப்போது திருத்தம் வாங்க அலைவதைவிட, பதிவுப் படிவம் நிரப்பும் அன்றே "பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்" என்று கேட்டு வாங்கிவிட வேண்டும்.

வெளிநாட்டில் நடந்த திருமணம் என்றால், அந்த நாட்டுச் சான்றிதழே போதும். இங்கே மறுபடி தாலி கட்ட வேண்டியதில்லை. பிரான்ஸ், சிங்கப்பூர் போல அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளுக்காக உறுதிசெய்யும் முத்திரை) வாங்கிக்கொள்ள வேண்டும். சேராத நாடுகளில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் அட்டெஸ்டேஷன் வேண்டும்.

எக்ஸ் விசா: தங்கலாம், சம்பாதிக்க முடியாது

இந்தியக் குடிமகனை அல்லது குடிமகளை மணந்தவருக்கு உரியது என்ட்ரி விசா. நடைமுறையில் எல்லோரும் எக்ஸ் விசா என்பார்கள். ஐந்து ஆண்டு வரை கிடைக்கும், பிறகு நீட்டித்துக்கொள்ளலாம். சொந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் வாங்கி வருவதுதான் சுத்தமான வழி. சுற்றுலா விசாவில் வந்து, இங்கே திருமணம் முடித்து, எக்ஸ் விசாவாக மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. அதற்கு விசாரணை, பாதுகாப்புச் சரிபார்ப்பு எல்லாம் நடக்கும். இணையத்தில் வாங்கும் மின்னணுச் சுற்றுலா விசாவோ நீட்டிக்கவும் மாற்றவும் கூடாதது என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. அதை நம்பித் திருமணத் தேதி குறிப்பது ஆபத்து.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சென்னையில் அது நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் உள்ள எஃப்ஆர்ஆர்ஓ. மற்ற மாவட்டங்களில் மாவட்டக் காவல் அலுவலகம் அந்தப் பொறுப்பைப் பார்க்கிறது. விண்ணப்பம், நீட்டிப்பு, முகவரி மாற்றம் எல்லாம் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளம் வழியே. திருமணச் சான்றிதழ், இந்தியத் துணையின் அடையாள அட்டை, வசிக்கும் இடத்துக்கான சான்று, இருவரும் சேர்ந்து வாழ்வதாகத் துணை எழுதிக் கொடுக்கும் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். காவல் நிலையத்திலிருந்து வீடு பார்க்க வருகிறவருக்கு அந்த ஒரு தாள் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லும்.

எக்ஸ் விசாவின் குறை வேலைதான். அந்த விசாவில் வேலை பார்க்கும் உரிமை இல்லை. பக்கத்துப் பள்ளியில் டீச்சர் வேலை, துணையின் கடையில் கல்லாவில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது எல்லாமே இதில் அடங்கும். வெளிநாட்டு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்து லேப்டாப்பில் வேலை பார்த்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். விசா நிபந்தனை அதற்கென்று தனி விலக்கு எதையும் தரவில்லை. அதோடு, ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் வருமான வரிச் சட்டத்தின்படி அவர் இங்கே வசிப்பவராகிவிடுவார். இங்கே உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளத்துக்கு இங்கே வரி வரும். வரியைக் கட்டிவிட்டால் விசா மீறல் சரியாகிவிடும் என்பது தவறான ஆறுதல். இரண்டும் வேறு வேறு துறைகள்.

ஆதார் எடுக்கலாம். கடந்த 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே வசித்திருக்க வேண்டும், விசா முடியும் தேதியோடு அதுவும் முடியும். சொத்து விஷயத்தில் இலங்கைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தடை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்நியச் செலாவணி விதிகள் இலங்கை உட்பட சில நாடுகளின் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே வீடு, மனை வாங்கக் கூடாது என்கின்றன. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு. மனைவி பெயரையும் சேர்த்து ஃபிளாட் பதிவு செய்யப் போய், பத்திரம் எழுதும் நேரத்தில் இது தெரியவந்தால் கொடுத்த அட்வான்ஸும் மாட்டிக்கொள்ளும். ஓசிஐ வந்துவிட்டால் இந்தத் தடை விலகிவிடுகிறது.

வேலை விசா: துணையைச் சாராத ஒரே விசா, ஆனால் வாசல் உயரம்

திருமணமே ஆகியிருந்தாலும், வெளிநாட்டவர் தம் சொந்தத் தகுதியில் எம்ப்ளாய்மென்ட் விசா வாங்கலாம். இதன் அடிப்படை வேலை. மணவாழ்க்கை முறிந்தாலும் வேலை இருக்கும்வரை விசா நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, பெரிய சம்பளத்துக்கு ஆஃபர் லெட்டர் கையில் வைத்திருப்பவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாசலின் உயரம் ஆண்டுக்கு ரூ.16.25 லட்சம். அதற்குக் குறைந்த சம்பளத்துக்கு இந்த விசா கிடையாது. தம் நாட்டுச் சமையலைச் செய்யும் சமையற்காரர், ஆங்கிலம் தவிர்த்த மொழி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், தூதரக ஊழியர் போன்றோருக்கு மட்டும் விலக்கு. பாரிஸிலிருந்து வந்த மருமகள் புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பதற்கு இந்த விலக்கு நேராகப் பொருந்தும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மருமகன் கோயம்புத்தூர் மில்லில் மாதம் 40 ஆயிரத்துக்கு அக்கவுன்டன்டாகப் போக வழியில்லை. இந்தியர்கள் தாராளமாகக் கிடைக்கும் சாதாரண, எழுத்தர் வேலைகளுக்கு இந்த விசா தருவதில்லை என்பதும் விதி. விசாவைச் சொந்த நாட்டில், அல்லது இரண்டு ஆண்டுக்கு மேல் வசித்த நாட்டில் வாங்க வேண்டும்.

விசா ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் விசாவின் அடிப்படையும் போகும். வருங்கால வைப்பு நிதியில் இவர் 'சர்வதேசத் தொழிலாளர்' என்ற வகையில் வருவார். உள்ளூர்க்காரருக்கு உள்ள 15 ஆயிரம் ரூபாய் உச்சவரம்பு இவருக்கு இல்லை, முழுச் சம்பளத்திலும் 12 சதவீதம் பிடிப்பார்கள். இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளாத நாட்டுக்காரர் என்றால், நிதி அமைப்பின் விதிப்படி அந்தப் பணத்தை எடுக்க 58 வயது வரை காத்திருக்க வேண்டும். மாதச் சம்பளத்தைக் கணக்கிடும்போது கைக்கு வருவதை வைத்துக் கணக்கிடுங்கள்.

ஓசிஐ: ஒரே அட்டை, இரண்டு கதவுகள்

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தில். ஓசிஐ அட்டைக்குக் குடியுரிமைச் சட்டம் 7ஏ பிரிவில் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, இந்தியரை மணந்தவர் என்ற கதவு. மற்றது, இந்திய வம்சாவளி என்ற கதவு. அட்டை பார்க்க ஒரே மாதிரிதான். உள்ளே எழுதப்படாத வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

துணைவர் கதவில் வருபவர், பதிவான திருமணம் இரண்டு ஆண்டு நீடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பாதுகாப்பு அனுமதி தனியாக வர வேண்டும். இருவரையும் சேர்த்து நேரில் அழைத்துப் பேசுவார்கள். விவாகரத்து ஆகிவிட்டால், அல்லது முதல் திருமணம் இருக்கும்போதே இன்னொருவரை மணந்தால், 7டி பிரிவின்படி அட்டையை ரத்து செய்யலாம். ரத்துக்கு முன் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது 2019 திருத்தத்தில் சேர்ந்தது. அது காலதாமதம் தரும், காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

வம்சாவளிக் கதவில் வருபவருக்கு இதில் எதுவும் இல்லை. காத்திருப்பு இல்லை. துணையின் கையெழுத்து தேவையில்லை. மணவாழ்க்கை முறிந்தாலும் அட்டை அவருடையதே. 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடியுரிமைக்குத் தகுதியாக இருந்தவரின், அல்லது அதன்பின் குடிமகனாக இருந்தவரின் பிள்ளை, பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்தி வரை இதில் விண்ணப்பிக்கலாம். 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களின் வாரிசுகளுக்கும் உண்டு. புதுச்சேரி, காரைக்கால் வேர் கொண்ட பிரெஞ்சுக் குடிமக்கள் இந்த வகையில் வருவார்கள். தோட்டத்துக்குப் போன தாத்தாவின் பேத்தியான ஈப்போப் பெண்ணும், புதுக்கோட்டையிலிருந்து கண்டிக்குப் போன குடும்பத்தின் மலையகப் பையனும் துணைவர் கதவில் இரண்டு ஆண்டு நிற்கத் தேவையே இல்லாமல் போகலாம். பரம்பரை பரம்பரையாக யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வாழ்ந்த குடும்பத்தவருக்குத்தான் துணைவர் கதவு ஒன்றே வழி.

வம்சாவளிக் கதவின் கஷ்டம் தாள். முன்னோரின் பழைய இந்தியப் பாஸ்போர்ட், வாழ்விடச் சான்று, பிறப்பிடச் சான்று இவற்றில் ஒன்று, அல்லது அதற்கு நிகரான வேறு ஆதாரம் வேண்டும். பிறகு அந்த முன்னோரிலிருந்து விண்ணப்பதாரர் வரை ஒவ்வொரு கண்ணிக்கும் பிறப்புச் சான்றிதழ். சங்கிலி அறுவது எழுத்துக்கூட்டலில்தான். முனியாண்டி என்ற பெயர் தோட்டத்துப் பதிவேட்டில் 'ஐ'யில் முடிந்திருக்கும், மகனின் பிறப்புச் சான்றில் 'ஒய்'யில் முடிந்திருக்கும். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் போட்டு, ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் பொருந்தும் இன்னொரு பழைய தாளையும் சேர்த்து வைத்தால் விண்ணப்பம் பலப்படும். இந்தத் தேடலுக்கு ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும். எங்கள் கருத்தில், வம்சாவளிச் சான்று கிடைக்கக் கொஞ்சமாவது வாய்ப்பு இருக்கும் எவரும் துணைவர் கதவில் முதலில் தட்டக் கூடாது. புகுந்த வீட்டில் நிலைமை கெட்டால், விசா போய்விடுமே என்று பயந்து எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு கிடக்கும் நிலை ஒரு பெண்ணுக்கு வரக் கூடாது. அந்தப் பயத்தை இல்லாமல் ஆக்கும் தாள் பாட்டி வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கிறது என்றால், அதைத் தேடி எடுப்பதுதான் கல்யாணச் சீரிலேயே பெரிய சீர்.

எந்தக் கதவில் வந்தாலும் ஒரு நிபந்தனை பொது. விண்ணப்பதாரரோ, அவர் பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டியோ எப்போதாவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருக்கக் கூடாது.

கிடைத்தபின் என்ன செய்யலாம்? வாழ்நாள் முழுதும் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து போகலாம், எஃப்ஆர்ஆர்ஓவில் பதிய வேண்டாம், தனியார் நிறுவனத்தில் எந்தச் சம்பளத்துக்கும் வேலைக்குப் போகலாம், கடை வைக்கலாம். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், வழக்கறிஞர், ஆர்க்கிடெக்ட், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஆகிய தொழில்களை அந்தந்தச் சட்டத்துக்கு உட்பட்டு வெளிநாடுவாழ் இந்தியருக்கு நிகராகச் செய்யலாம். 'உட்பட்டு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கொழும்பில் எம்பிபிஎஸ் முடித்தவர் ஓசிஐ வந்த மறுநாள் கிளினிக் திறக்க முடியாது. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வை எழுதித் தேறி, மருத்துவக் கவுன்சிலில் பதிய வேண்டும்.

செய்ய முடியாதவை: அரசு வேலை, வாக்குரிமை, விவசாய நிலமோ பண்ணை வீடோ தோட்டமோ வாங்குவது. 2021 மார்ச் 4 அறிவிக்கைப்படி பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி, மதப் பிரசாரம், மலையேற்றம், வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். பல்கலைக்கழகத்தில் பிஎச்டி சேர நினைக்கும் துணைவர்கள் 'ஆராய்ச்சி' என்ற சொல்லில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். சேர்க்கைக் கடிதம் வந்தவுடனே அனுமதிக்கு எழுதிவிட வேண்டும்.

கட்டணம் இந்தியாவில் விண்ணப்பித்தால் ரூ.15,000, வெளிநாட்டில் 275 டாலர். சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு இந்தியாவில் விண்ணப்பிக்க முடியாது. துணைவர் கதவில் வந்தவருக்கு அட்டைக்குப் பிறகும் ஒரு கடமை தொடர்கிறது: ஒவ்வொரு முறை புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் மூன்று மாதத்துக்குள் அதன் நகல், புதுப் புகைப்படம், துணையின் பாஸ்போர்ட் நகல், திருமணம் இன்னும் நீடிக்கிறது என்ற உறுதிமொழி இவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும். வம்சாவளிக் கதவில் வந்தவர் அந்த உறுதிமொழியைத் தர வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டை எங்கே கழிப்பது?

துணைவர் கதவு ஒன்றே வழி என்று முடிவாகிவிட்டால், மீதி இருப்பது இந்தக் கேள்வி. சட்டம் கேட்பது திருமணம் இரண்டு ஆண்டு நீடித்திருக்க வேண்டும் என்பதை. அந்த இரண்டு ஆண்டும் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இதைத் தெரியாமல் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, எக்ஸ் விசாவில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் பலர்.

கணக்கு எளியது. கொழும்பில் இந்திய மதிப்பில் மாதம் 40 ஆயிரம் சம்பாதிப்பவர் 24 மாதம் வேலையில்லாமல் இருந்தால் இழப்பு 9 லட்சத்து 60 ஆயிரம். இந்தியத் துணை அங்கே போய்த் தங்க வழியிருந்தால், திருமணத்தைப் பதிந்துவிட்டு அங்கேயே வாழ்ந்து, இரண்டு ஆண்டு நிறைந்ததும் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் ஓசிஐக்கு விண்ணப்பித்து, அட்டையோடு இங்கே வந்து இறங்குவது எல்லா வகையிலும் மேல். வந்த வாரமே வேலை தேடலாம்.

ஆளுக்கொரு நாட்டில் இருந்தபடி இரண்டு ஆண்டைக் கழிப்பது இடைப்பட்ட வழி. சட்டம் தடுக்கவில்லை. நேர்காணலில் இது உண்மையான மணவாழ்க்கைதான் என்று காட்ட வேண்டிய பாரம் கூடும். வந்துபோன விமான டிக்கெட், பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்கள், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தேதிவாரியாகச் சேர்த்து வைத்திருந்தால் தாங்கும். மாமியார் மாமனாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளை பிறக்கப்போகிறது என்ற நிலையில் இருப்பவர்கள் எக்ஸ் விசாவில் வந்துவிடுவதே சரி. அப்படி வருபவர்கள் குறைந்தது இரண்டு ஆண்டுச் செலவுக்கு ஒருவர் சம்பளத்தை மட்டும் வைத்துத் திட்டமிட வேண்டும்.

குடியுரிமை: அவசரப்பட வேண்டாம்

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. இங்கே குடிமகனானால் பிறந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை விட வேண்டும். வேலைக்கும் வசிப்பதற்கும் ஓசிஐ போதும் என்பதால், வாக்குரிமை, அரசு வேலை, விவசாய நிலம் இவை வேண்டும் என்பவர்களுக்கும், விவாகரத்தால் அறுபடாத உரிமை வேண்டும் ஆனால் வம்சாவளிச் சான்று இல்லை என்பவர்களுக்கும்தான் இது பொருள் உள்ள வழி. பின்சொன்னவர்களுக்கு இது மிக முக்கியமான வழி.

குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவு, இந்தியரை மணந்து ஏழு ஆண்டு இங்கே வசித்தவருக்கு உரியது. ஏழு என்பதை இப்படிக் கூட்ட வேண்டும்: விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதம் இடைவிடாமல், அதற்கு முந்தைய 8 ஆண்டில் மொத்தம் 6 ஆண்டு. கடைசி 12 மாதத்தில் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டால், ஓட்டம் அறுந்து, அந்த 12 மாதத்தை மறுபடி தொடங்க வேண்டும். விசேஷக் காரணம் இருந்தால் 30 நாள் வரை மத்திய அரசு தளர்த்தலாம், அதற்கு மேல் இல்லை. பயணங்களை முதல் எட்டு ஆண்டுக்குள் முடித்துக்கொண்டு, கடைசி ஆண்டைக் கட்டிக் காக்க வேண்டும். ஓசிஐ வைத்திருப்பவருக்கு 5(1)(ஜி) என்ற இன்னொரு பாதை: ஓசிஐயாக 5 ஆண்டு, அதில் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இங்கே வசிப்பு. திருமணம் ஆன நாளிலிருந்து இங்கேயே இருப்பவருக்கு இரண்டு பாதையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடியும். வெளிநாட்டிலும் இங்குமாக இருந்தவருக்கு ஓசிஐ பாதைதான் சீக்கிரம் முடியும்.

விசா ஒரு நாள் தாண்டினாலும் பிள்ளையைத் தொடும்

2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டங்களுக்குப் பதிலாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 நடப்பில் இருக்கிறது. அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம். அதைவிடக் கனமானது குடியுரிமைச் சட்டத்தில் உள்ளது. காலம் கடந்து தங்குபவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறைக்குள் வருகிறார். 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்த பிள்ளை பிறப்பால் இந்தியராக, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். பிரசவ நேரத்து அலைச்சலில் விசா நீட்டிப்பை மறந்துவிட்டால், அது பிள்ளையின் குடியுரிமைக் கேள்வியாக வளர்ந்து நிற்கும். கர்ப்பம் உறுதியானவுடன் விசா முடியும் தேதியைப் பார்த்துவிடுங்கள். பிரசவ மாதத்துக்கு அருகில் முடிகிறது என்றால் முன்கூட்டியே நீட்டிக்க விண்ணப்பியுங்கள்.

இதே வரையறைதான் மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களைத் தமிழ்நாட்டவர் மணக்கும்போது குறுக்கே நிற்கிறது. படகில், பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் இந்தியரை மணந்து இருபது ஆண்டு வாழ்ந்தாலும் 5(1)(சி) திறப்பதில்லை. ஓசிஐக்கும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வேண்டும். 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025இல் விலக்கு தரப்பட்டது. அது வழக்குப் பயத்தை நீக்குகிறது, குடியுரிமைச் சட்டத்தின் வரையறையைத் தொடவில்லை. தலைமுறைகளாக இங்கேயே படித்து, இங்கேயே மணந்து, இங்கேயே உழைக்கும் மக்களுக்கு இந்தக் கதவு இன்னும் மூடியிருப்பது பெரிய அநீதி.

முகாமில் வளர்ந்தவரை மணக்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அவருடைய பிறந்த இடமும் தேதியும். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையே இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் அவர் பிறப்பாலேயே இந்தியர். விசாவும் வேண்டாம், ஓசிஐயும் வேண்டாம். மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதே அடிப்படையில் பாஸ்போர்ட் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அவர் கையில் இருந்த முக்கியமான ஆதாரம் மண்டபத்தில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ்.